ஹாஸ்டலா, சொந்த ஊரா? முதல் ஓட்டுக்கு முன் ஒரு கேள்வி

நான் பள்ளி ஆசிரியர். பாடம் நடத்துவது போக, என் பாகத்துக்கு, அதாவது ஒரு வாக்குச்சாவடிக்கு உட்பட்ட பகுதிக்கு, வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.). என் பாகத்துக்குள் ஒரு கல்லூரி ஹாஸ்டலும் வருகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க விண்ணப்பித்தவர்களை நேரில் சரிபார்க்க, ஒருமுறை காலை பதினொரு மணிக்குப் படிவங்களோடு போய் நின்றேன். இரண்டாவது மாடி முழுக்கப் பூட்டு. பிள்ளைகள் எல்லாம் லேபில். "முகவரியில் ஆள் இல்லை" என்று எழுதினால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும். இப்போதெல்லாம் போன் போட்டுவிட்டு, சாயங்காலம்தான் போகிறேன். அதனால் படிவத்தில் அப்பாவின் எண்ணைப் போடாமல் உங்கள் எண்ணைப் போடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள்.

ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவர்கள் பெற்றோர் இருக்கும் ஊரிலும் பதியலாம், ஹாஸ்டல் முகவரியிலும் பதியலாம். ஏதாவது ஒன்றில்தான். ஹாஸ்டல் என்றால், படிப்பு அங்கீகாரம் பெற்றதாகவும் ஓராண்டுக்குக் குறையாததாகவும் இருக்க வேண்டும். முதல்வரோ பதிவாளரோ கையெழுத்திட்ட போனஃபைட் சான்றை (அங்கே படிக்கிறீர்கள் என்ற சான்று), புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-உடன் இணைக்க வேண்டும்.

எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: வாக்குப்பதிவு அன்று எங்கே இருப்பாய்? ஊர் இரண்டு மணி நேரத் தூரம் என்றால் ஊரிலேயே இருக்கட்டும். ராத்திரி முழுக்க பஸ்ஸில் போக வேண்டிய தூரம் என்றால் ஹாஸ்டல். ஆனால் யாரும் யோசிக்காத ஒன்று உண்டு. உள்ளாட்சித் தேர்தலுக்கும் இந்த வாக்காளர் பட்டியல்தான் அடிப்படை. ஹாஸ்டலில் பதிந்தவருக்குத் தன் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டு இருக்காது. கிராமத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டதும் கொஞ்சம் தயங்குவார்கள். தயங்கட்டும், அது நியாயம்தான்.

ஊரில் ஏற்கெனவே பெயர் இருப்பவர்கள் ஹாஸ்டலுக்கு மாற நினைத்தால் மறுபடி படிவம் 6 போடவே கூடாது. அதற்குப் படிவம் 8. "வேறெங்கும் பெயர் இல்லை" என்று படிவம் 6-இல் உறுதி கொடுத்துத்தான் கையெழுத்திடுகிறீர்கள். தெரிந்தே பொய் சொன்னால், 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். படிப்பு முடிந்து கிளம்பும்போதும் அதே படிவம் 8 தான்.

வயதுக் கணக்கு இப்போது எளிது. முன்பு ஜனவரி 1 மட்டும்தான் தகுதி நாள்; அன்றைக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். ஜனவரி 2-இல் பிறந்தவர் கிட்டத்தட்ட ஒரு வருடம் காத்திருந்தார். 2022 ஆகஸ்டிலிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதி என்று நான்கு நாட்கள். 17 முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம்.

அப்புறம் இந்த இனிஷியல். 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைப் பார்த்ததும் நம் பிள்ளைகள் திணறுவார்கள். ஒருவர் இனிஷியலைப் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை முழுதாக எழுதுவார். இருந்தால் மட்டும் நிரப்பினால் போதும் என்று அதிலேயே போட்டிருக்கிறது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடி எழுதுங்கள். ஆன்லைனில் ஆங்கிலத்தில் அடித்தால் தமிழ்ப் பெயர் தானாக வந்து விழும். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரு எழில், எளிலாகி வந்ததை நானே பார்த்தேன். திருத்த மறுபடி படிவம் 8, மறுபடி நான் மாடி ஏற வேண்டும்.

தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடப்படும். அதற்கு முன் ஆட்சேபத்துக்கு ஏழு நாள் விட வேண்டும் என்பதால், கடைசி வாரத்தில் வரும் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டாலும் அந்தத் தேர்தலுக்கு உதவாது.

பெயர் ஏறிய பிறகு வாக்காளர் அட்டை தபாலில் வரும். செமஸ்டர் லீவில் வந்தால் வார்டன் மேஜையில் கிடக்கும். மொபைல் எண்ணைப் பதிந்திருந்தால் மின்னணு அட்டையைத் தரவிறக்கிக்கொள்ளலாம். அட்டையே கைக்கு வரவில்லை என்றாலும், பட்டியலில் பெயர் இருந்தால் ஆதாரைக் காட்டி ஓட்டுப் போடலாம். கையில் அட்டை இருந்து பட்டியலில் பெயர் இல்லை என்றால் முடியாது. சந்தேகம் என்றால் 1950 என்ற உதவி எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.