ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்

இந்த வாரமும் ஒரு லேப்டாப் வந்தது, ஒரு கல்லூரி மாணவியுடையது. ப்ராஜெக்டுக்காக, டெலிகிராமில் யாரோ அனுப்பிய வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரின் கிராக்கை, அதாவது பணம் கட்டாமல் ஓடும்படி உடைத்த காப்பியை, போட்டிருக்கிறார். அதோடு வந்த குறிப்பில் முதல் வரியே "ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்". செய்திருக்கிறார். அதிலிருந்து விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் திறக்கவில்லை, விண்டோஸ் அப்டேட் ஓடவில்லை, அவர் ஃபேஸ்புக்கிலிருந்து தோழிகளுக்கு என்னென்னவோ லிங்க் போகிறது. வேறொரு இலவச ஆன்டிவைரஸைப் போட்டு ஸ்கேன் செய்தும் ஒன்றும் சிக்கவில்லை. ஃபார்மட் செய்ய வேண்டும் என்றதும் அவர் அப்பா கேட்டார்: "ஸ்கேன்ல ஒண்ணும் காட்டலையே சார், அப்புறம் எதுக்கு?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆனாலும் பொறுமையாகச் சொல்கிறேன். என் சந்தேகம் ரூட்கிட் மேல், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஆழமாக ஒளிந்துகொள்ளும் கள்ள சாஃப்ட்வேர் மேல். அதன் வேலையே ஸ்கேனில் ஒன்றும் காட்டாமல் இருப்பதுதான். ஆன்டிவைரஸ் பொதுவாக டிஸ்கில் உள்ள ஃபைல்களை நேரடியாகப் பார்ப்பதில்லை, "இந்த ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது?" என்று விண்டோஸிடம் கேட்டுத்தான் பார்க்கிறது. ரூட்கிட் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள், பெரும்பாலும் ஒரு டிரைவர் (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் சின்ன சாஃப்ட்வேர்) வடிவத்தில், போய் உட்கார்ந்துகொண்டு அந்தப் பதிலையே மாற்றிவிடுகிறது. வாட்ச்மேனைத் திருடன் விலைக்கு வாங்கிய பிறகு, "ராத்திரி யாராவது வந்தார்களா?" என்று அதே வாட்ச்மேனிடம் கேட்பது போல. இன்னும் நாலு ஆன்டிவைரஸ் போட்டாலும் நாலும் அவரிடம்தான் கேட்கும். டிஃபெண்டர் தானாக அணைந்து, மறுபடி போட முடியாமல் இருந்தால், சுத்தம் என்று வரும் எந்த ரிப்போர்ட்டையும் நான் நம்புவதில்லை.

"நமக்கெல்லாம் யார் சார் இதை வைக்கப் போறாங்க?" என்பது அடுத்த கேள்வி. 2019 ஏப்ரலில் பிட்டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் ஸ்க்ரானோஸ் என்ற ரூட்கிட்டைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அது அதிகம் பரவியிருந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கிராக் சாஃப்ட்வேர், வீடியோ பிளேயர், மின்னூல் படிக்கும் ஆப் என்ற வேஷத்தில் வந்தது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நாம் லாகின் ஆகியிருப்பதை நினைவில் வைக்கும் குக்கீகளையும் எடுத்துக்கொண்டு போனது. அதன் டிரைவரில், யார் தயாரித்தது என்று உறுதி சொல்லும் முறையான டிஜிட்டல் கையெழுத்தும் இருந்தது, திருடப்பட்டதாக இருக்கலாம் என்று கருதப்பட்ட ஒரு சான்றிதழை வைத்து. அதனால் "சைன் ஆகியிருக்கு, ஒன்றும் ஆகாது" என்றும் இருந்துவிடாதீர்கள்.

ஆக, தடுக்கும் இடம் உங்கள் விரல். கிராக், லைசென்ஸ் இல்லாமல் ஓட வைக்கும் ஆக்டிவேட்டர், கேமில் ஏமாற்றி ஜெயிக்க வைக்கும் சீட் (cheat) இவை மூன்றும் வேண்டவே வேண்டாம். எந்த சாஃப்ட்வேராவது நிறுவும்போது ஆன்டிவைரஸையோ, கம்ப்யூட்டர் எழும்போது கள்ள சாஃப்ட்வேர் நுழையாமல் தடுக்கும் செக்யூர் பூட்டையோ அணைக்கச் சொன்னால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். பணம் இல்லையென்றால் வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வ், ஆபீஸ் வேலைக்கு லிப்ரே ஆபீஸ், படத்துக்கு கிம்ப் என்று நல்ல இலவச சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. என் தொழிலில் இருக்கிற சிலரே ஐநூறு ரூபாய்க்கு ஆக்டிவேட்டர் போட்ட விண்டோஸைக் கொடுத்துவிடுகிறார்கள், அது எனக்கு வெட்கம். சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கும்போது "ஒரிஜினல் விண்டோஸ்தானா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தினசரி வேலைக்கு, கம்ப்யூட்டரில் எதையும் மாற்ற அனுமதி உள்ள அட்மின் அக்கவுண்ட் வேண்டாம். ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் ஒன்று உருவாக்கி அதில் இருங்கள். பிள்ளைகளுக்குக் கட்டாயம் அதுதான். டிரைவர் போட வேண்டுமென்றால் பாஸ்வேர்டு கேட்கும், அந்த ஒரு நொடி யோசிக்க இடம் கிடைக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் என்று போய், கெர்னலுக்குள் கள்ள டிரைவர் நுழைவதைத் தடுக்க உதவும் மெமரி இன்டெக்ரிட்டியை ஆன் செய்யுங்கள்.

அப்டேட்டை நிறுத்தி வைப்பவர்களுக்கு ஒன்று. 2010 பிப்ரவரியில் ஒரு விண்டோஸ் அப்டேட் வந்ததும் பல கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. எல்லோரும் மைக்ரோசாஃப்டைத் திட்டினார்கள். ஆராய்ந்து பார்த்தால், அந்தக் கம்ப்யூட்டர்களில் அலூரியான் என்ற ரூட்கிட் ஏற்கெனவே குடியிருந்திருக்கிறது. அப்டேட் கெர்னலை மாற்றியதும் அது தடுமாறியிருக்கிறது. அப்டேட் கெடுக்கவில்லை, உள்ளே இருந்ததைக் காட்டிக்கொடுத்தது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

சந்தேகம் வந்துவிட்டதா? முதலில் நெட்டைத் துண்டியுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியின் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும்; கால் மணி நேரம் போல ஆகும். அதில் ஏதாவது சிக்கினாலும், நீக்கிவிட்டு அப்படியே தொடர வேண்டாம் என்பதுதான் என் கருத்து. போட்டோ, ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்டாலர் ஃபைல் ஒன்றுகூட வேண்டாம். இன்னொரு நல்ல கம்ப்யூட்டரில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து பென்டிரைவ் தயாரித்து, டிஸ்கின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் போதாது. அலூரியானின் சில வகைகள், கம்ப்யூட்டர் எழும்போது முதலில் படிக்கும் டிஸ்கின் பூட் பகுதியிலேயே உட்கார்ந்திருந்தன. மதர்போர்டு சிப்பிலேயே ஒளிந்துகொள்ளும் லோஜாக்ஸ் போன்றவையும் உண்டு, 2018-இல் கண்டுபிடித்தார்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது வருவது அபூர்வம், அதற்காகப் பயந்து மதர்போர்டை மாற்ற வேண்டாம்.

பாஸ்வேர்டுகளை உடனே மாற்றுங்கள், ஆனால் தயவுசெய்து அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மாற்றாதீர்கள். புதுப் பாஸ்வேர்டும் அதே வழியில் போய்விடும். போனிலிருந்து, முதலில் மெயில், அப்புறம் பேங்க், பிறகு மற்றவை. ஒவ்வொன்றிலும் எல்லா டிவைஸிலிருந்தும் லாக்அவுட் கொடுங்கள். பேங்கிலிருந்து பணம் போயிருந்தால் கம்ப்யூட்டரை என்னிடம் தூக்கி வருவதற்கு முன் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள்.