ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் உதறும் கார்

மேட்டுச் சாலையில் நான்காவது கியரில் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். முன்னால் போகும் லாரியைத் தாண்டுவதற்காக ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறீர்கள். வேகம் கூடவில்லை, வண்டி உதறுகிறது. இருக்கை, தரை, கியர் கம்பி எல்லாம் நடுங்குகின்றன. காலை எடுத்ததும் அடங்கிவிடுகிறது. யாரிடம் கேட்டாலும் ஆளுக்கொரு பாகத்தைச் சொல்வார்கள். அதையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது பணத்தைத் தண்ணீராய் இறைப்பதுதான். அந்த உதறல் எதனோடு சேர்ந்து வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: சக்கரத்தின் வேகத்தோடா, என்ஜின் சுழலும் வேகத்தோடா, என்ஜின் இழுக்கும் பாரத்தோடா?

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. காலியான நேர்ச்சாலையில் 80 கி.மீ. வேகத்துக்குப் போய், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியை உருளவிடுங்கள். அப்போதும் நடுக்கம் தொடர்ந்தால் சக்கரம், டயர் பக்கம் பாருங்கள். சுற்றளவு 1.9 மீட்டர் உள்ள டயர் அந்த வேகத்தில் நொடிக்கு சுமார் 12 முறை சுற்றும். எடை சமமாக இல்லாவிட்டால் அத்தனை முறையும் வண்டியைத் தட்டும். உங்கள் கால் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. மிதிக்கும்போது மட்டும் வருகிற உதறலுக்கு வீல் பேலன்சிங் மருந்தாகாது.

அடுத்து, 60 கி.மீ. வேகத்தில் மூன்றாவது கியரிலும் நான்காவது கியரிலும் தனித்தனியே மிதித்துப் பாருங்கள். கியர் மாறியதும் உதறலின் தன்மையும் மாறினால் என்ஜின் பக்கம். மாறாமல் இருந்தால் சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் பக்கம்.

பெட்ரோல் வண்டியில் அடிக்கடி அகப்படுவது என்ஜின்தான். மெக்கானிக்குகள் "மிஸ்ஸிங் அடிக்கிறது" என்பார்கள். நான்கு சிலிண்டர் என்ஜின் 2400 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2400 சுற்று) ஓடும்போது நொடிக்கு 80 முறை எரிதல் நிகழ்கிறது, அதாவது சிலிண்டருக்கு 20. அவ்வளவு நெருக்கமான தட்டல்களை ஃப்ளைவீல் எனும் கனத்த சுழல்தட்டும், என்ஜினைத் தாங்கும் மவுண்ட்டின் ரப்பரும் விழுங்கிவிடும். ஒரு சிலிண்டர் எரியாமல் போனால், நொடிக்கு 20 முறை ஒரு பள்ளம் விழுகிறது. அதை உடல் உணர்ந்துவிடும்.

சும்மா நிற்கும்போது ஒழுங்காக எரிகிற சிலிண்டர், மிதித்தால் மட்டும் ஏன் தவறுகிறது? மிதிக்கும்போது காற்று நுழையும் வாயிலான த்ராட்டில் திறந்து, சிலிண்டருக்குள் காற்று கூடுதலாக நுழைகிறது. பிஸ்டன் அதை அழுத்தும்போது பொறி தரும் ஸ்பார்க் பிளக்கின் முனையைச் சுற்றி வாயு மிகவும் நெருக்கமாகிறது. நெருக்கமான வாயுவைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் இன்னும் அதிகம் வேண்டும். அந்த நெருக்கடியில் மின்சாரம் வேறு சுலபமான வழியைத் தேடிக்கொள்கிறது. என் வண்டியில் இரண்டாவது சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது அந்த வழி கண்ணுக்கே தெரிந்தது. வெள்ளைப் பீங்கானின் மேலிருந்து கீழே உலோகம் வரை, பென்சிலால் கிறுக்கியதுபோல் ஒரு கருங்கோடு. துடைத்தாலும் போகவில்லை. பொறி உள்ளே குதிக்காமல், பாரம் ஏறும்போதெல்லாம் வெளிப்புறமாக அந்தக் கோட்டின் வழியே இறங்கிக்கொண்டிருந்தது.

எந்தச் சிலிண்டர் தவறுகிறது என்பதைக் காரின் கணினி கண்டுபிடிக்கும் விதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு ஒரு பல் வட்டு சுற்றுகிறது. பல வண்டிகளில் 6 டிகிரிக்கு ஒரு பல் வீதம் 60 இடங்கள். அடையாளத்துக்காக இரண்டு பற்கள் மட்டும் விடுபட்டிருக்கும். ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்கும் நேரத்தைக் கணினி அளக்கிறது. ஒரு சிலிண்டர் எரியாவிட்டால், அதன் முறை வரும்போது வட்டு இம்மியளவு தாமதிக்கும். அந்தத் தாமதம்தான், கணினியின் பிழை எண்களைப் படிக்கும் கருவியான ஸ்கேனரில் பி0302 என்ற எண்ணாக வருகிறது; கடைசி இலக்கம் சிலிண்டரைக் குறிக்கும். கோளாறு பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலிலா, பிளக்கிலா என்று பிரித்தறிய, இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றி மாட்டி ஓட்டுங்கள். எண் பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை அதேபோல் மாற்றிப் பாருங்கள், பிறகு பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை. எண் பி0300 என்று வந்து எல்லாச் சிலிண்டர்களும் திணறினால், எரிபொருள் அழுத்தத்தை வண்டி இழுக்கும்போதே அளக்க வேண்டும்.

டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் தயவுசெய்து தொடர்ந்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அதன் தேன்கூடு போன்ற உட்பகுதி உருகிவிடும்.

ஸ்கேனரில் ஒன்றுமே வராத உதறலும் உண்டு. முன்சக்கரத்தால் இழுக்கும் வண்டியில், டிரைவ் ஷாஃப்ட்டின் கியர்பாக்ஸ் பக்கத்து முனையில் வளைந்து கொடுக்கும் இணைப்பான உள் சிவி ஜாயிண்ட்டில் பெரும்பாலும் மூன்று உருளைகள் இருக்கும். அவை ஓடும் தடம் தேய்ந்துவிட்டால் பாரம் ஏறும்போது வழுக்கிச் செல்லாமல் சிக்கிச் சிக்கி நகரும். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் மூன்று தட்டல். கழற்றிக் கிரீஸைத் துடைத்துவிட்டுத் தடத்தில் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுப்படும். சஸ்பென்ஷனை உயர்த்திய வண்டிகளில் ஷாஃப்ட்டின் சாய்வு கூடுவதால் இந்த உதறல் சீக்கிரமே வந்துவிடும்.

ஆட்டோமேட்டிக் வண்டியில், சீரான வேகத்தில் லேசாக மிதிக்கும்போது கரடுமுரடான சாலையில் போவதுபோல் அதிர்ந்தால், என்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள், இரண்டையும் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச்சைச் சந்தேகிக்கலாம். பின்னால் வண்டி எதுவும் வராதபோது, ஆக்ஸிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக்கை மெல்லத் தொடுங்கள். அந்தக் கிளட்ச் விடுபடும். அதிர்வு அந்தக் கணமே நின்றால், முதலில் அந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலை மாற்றிப் பாருங்கள். ஆரம்ப நிலையில் பல வண்டிகளுக்கு அதுவே போதும். மேனுவல் வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் நடுங்கினால், கிளட்ச் தட்டில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எதை மாற்றினாலும், முதலில் உதறிய அதே மேட்டில், அதே கியரில், அதே வேகத்தில் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் பழைய பாகத்தைத் தூக்கிப் போட வேண்டும்.