ரெஸ்பான்சிவ் என்றால் பதில் சொல்வதா?

பாரிமுனையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், கடைக்கு வெப்சைட் போட கொட்டேஷனைத் தமிழில் கேட்டார். யாரோ மொழிபெயர்த்துத் தந்ததை அப்படியே நீட்டிவிட்டேன். நான்காவது வரியில் விரலை வைத்தார். "தம்பி, 'பதிலளிக்கும் வடிவமைப்பு'ன்னு இருக்கே. வாட்ஸ்அப்ல விலை கேக்குறவங்களுக்கு இதுவே பதில் சொல்லிடுமா?"

இதே கேள்வியோடு எனக்கு இது மூன்றாவது அண்ணாச்சி. இங்கிலீஷில் அது 'ரெஸ்பான்சிவ் டிசைன்': பார்க்கும் திரையின் அளவுக்கேற்ப வெப்சைட் தன் அமைப்பை மாற்றிக்கொள்வது.

ரெஸ்பான்சிவின் வேர் லத்தீன். 'ஸ்பான்டேரே' என்றால் வாக்குக் கொடுப்பது. ஸ்பான்சரும் அந்த வீட்டுப் பிள்ளைதான். வலை வடிவமைப்புக்கு இந்தப் பெயரை 2010 மே மாதம் வைத்தவர் ஈதன் மார்கோட் என்ற வெப் டிசைனர். அவர் இதை எடுத்தது கட்டடக் கலையிலிருந்து: ஆட்கள் நெருங்கினால் வளைந்துகொடுக்கும் சுவர். அங்கே கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. குத்துவிளக்குப் படங்கள் கம்ப்யூட்டரில் வரிசைக்கு நான்கு, செல்போனைக் குறுக்கே திருப்பினால் இரண்டு, நேராகப் பிடித்தால் ஒன்று. சமாசாரம் இவ்வளவுதான்.

'பதில்' அரபு வழி வந்த சொல் என்று தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'துலங்கல் வடிவமைப்பு' என்றார். பள்ளிப் பாடத்தில் தூண்டல், துலங்கல் உண்டு, சரி. ஆனால் பாத்திரக் கடையில் போய் துலங்கல் என்றால் புளி போட்டுத் துலக்குவதுதான் நினைவுக்கு வரும். 'பதில்' எங்கிருந்து வந்தது என்பதா என் சண்டை? அது இங்கே பொய் சொல்கிறது என்பதுதான். துலங்கலும் அதே பொய், வேட்டி கட்டிக்கொண்டு.

'தகவமைப்பு' என்பவர்களிடம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் அது ஒட்டகத்துக்கும் கள்ளிச்செடிக்கும் போன சொல். தவிர, அடாப்டிவ் என்று வேறொரு முறை இருக்கிறது. சில திரை அளவுகளுக்கு மட்டும் தனித்தனியே வடிவம் செய்து வைப்பது. தகவமைப்பை அதற்குக் கொடுத்துவிடலாம். எனக்கு ஆசை 'ஈடுகொடுக்கும்' மேல்தான். சுவர் செய்வது அதைத்தானே? ஆனால் ஈடு என்றதும் பாரிமுனையில் அடமானம் என்று நினைப்பார்கள். வேடிக்கை, லத்தீன் வேருக்கு அது ரொம்பப் பக்கம்.

நான் எழுதுவது 'திரைக்கேற்ற வடிவமைப்பு'. திரை என்றால் சினிமா ஆயிற்றே என்று கேட்டார்கள். தொடுதிரை என்று சொல்லும்போது யாருக்கும் சினிமா நினைவு வருவதில்லை. விரலுக்கேற்ற வீக்கம் என்று பழகிய காது, திரைக்கேற்ற என்பதையும் உடனே பிடித்துக்கொள்ளும். இந்த மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுகிறார்களே தவிர, போனைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

வரியை அடித்து மாற்றிக் கொடுத்தேன். "செல்போன்ல ஒழுங்காத் தெரியும்னு சொல்றீங்க, அவ்வளவுதானே?" என்றார் அண்ணாச்சி. ஆமாம் என்றேன். விரல் ஐந்தாவது வரிக்கு இறங்கியது.

"அது என்ன தம்பி, 'ஆண்டு ஓம்பல் கட்டணம்'?"