கலங்கி வந்தால் கழிவு என்று நினைக்காதீர்கள்

போன மாதம் வந்த பெரியவர் எங்கள் வார்டுக்கு அந்த மாதத்தில் மூன்றாவது ஆள். சிறுநீரகம் பழுதானதால் வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்பவர். அதாவது, பையிலிருக்கும் தண்ணீரை டியூப் வழியாக வயிற்றுக்குள் விட்டு, பிறகு கழிவோடு சேர்த்து வெளியே வடிப்பது. வலியில் சுருண்டு கிடந்தார். வடிந்த தண்ணீர் எப்படி இருந்தது என்று மருமகளைக் கேட்டேன். "நாலு நாளா அரிசி கழுவின தண்ணி மாதிரி வருது சிஸ்டர். கழிவெல்லாம் நல்லா இறங்குதுன்னு நெனச்சோம்."

எத்தனை பேருக்குத்தான் சொல்வது! யூரியா, கிரியேட்டினின் போன்ற கழிவெல்லாம் கரைந்து வருபவை. ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைக் கரைத்தால் கலங்குகிறதா? அப்படித்தான் இதுவும். கழிவு எவ்வளவு இறங்கினாலும் வடிவது தெளிவாக, லேசான மஞ்சளாகத்தான் இருக்கும். கலங்கலாக மிதப்பது பெரும்பாலும் வெள்ளணுக்கள். வயிற்றுக்குள் கிருமி நுழைந்துவிட்டது, அதோடு சண்டை நடக்கிறது என்று அர்த்தம். (சில பிரஷர் மாத்திரைகளாலும் பால்போல வரலாம். அதை நாங்கள் பார்த்துச் சொல்கிறோம், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.)

வடித்த பையைச் செய்தித்தாள் மேல் வையுங்கள். எழுத்து தெரியவில்லையா, உடனே கிளம்புங்கள். காய்ச்சல் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பையையும் கையோடு கொண்டு வாருங்கள். கொட்டிவிட்டு வந்து "ரொம்பக் கலங்கலா இருந்துச்சு" என்றால் லேபுக்கு நான் எதை அனுப்புவது? வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைப் போட்டுக்கொண்டும் வராதீர்கள், கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி சிக்காது. வேண்டிய மருந்தைப் புதுப் பையிலேயே கலந்து வயிற்றுக்குள் விடுவோம்.

சீல் பிரிக்காத பையில் கிருமி இருக்காது. உள்ளே போவது பெரும்பாலும் பையை டியூபில் மாட்டுகிற கையிலிருந்துதான். அதிலும் பையில் இருப்பது 2 லிட்டர் குளுக்கோஸ் தண்ணீர், கிருமிக்கு விருந்து. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, மாஸ்க் போட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு மாட்டுங்கள். மே மாதத்தில் புழுங்கும்தான், தெரியும். மாட்டுகிற சில நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள், ப்ளீஸ். டியூப் முனை எங்காவது பட்டுவிட்டால் துடைத்துவிட்டு மாட்டுகிற வேலையே கூடாது. கிளாம்பை மூடிவிட்டுப் போன் செய்யுங்கள். பையைச் சுடுதண்ணீரில் அமுக்கிச் சூடேற்றுவதும் வேண்டாம், முனையில் ஈரம் ஏறினால் அதோடு கிருமியும் ஏறும்.

பெரியவருக்கு மருந்து கேட்கவில்லை, டியூபை எடுக்க வேண்டியதாயிற்று. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பை வந்துகொண்டிருந்தது. இப்போது ரத்த டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள், இரண்டு பஸ் மாறி வருகிறார்.