வீட்டில் பேசும் தமிழுக்கும் கிரெடிட் உண்டு

ஜனவரி மாதம் ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். பையன் பன்னிரண்டாம் வகுப்பு. பதினொன்றாம் வகுப்பின் நடுவில் சென்னையிலிருந்து நியூஜெர்சிக்கு வந்தவன். கணக்கு, அறிவியல், ஆங்கிலம் எல்லாம் சரியாக இருந்தன. வேற்றுமொழிக்கான 5 கிரெடிட் (பாடம் முடித்ததற்கான புள்ளி) மட்டும் இல்லை. “ஜூன்ல கிராஜுவேஷன். இப்பப் போய் ஸ்பானிஷ் வகுப்புல உட்காரணுமா மேடம்?” என்று கேட்டார். கையில் சென்னைப் பள்ளியின் மதிப்பெண் பட்டியல் இருந்தது. அதில் முதல் வரியே தமிழ்! சேர்க்கையின்போது அந்த வரியை யாரும் கவனிக்கவில்லை. பெற்றோருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஹைஸ்கூல் கவுன்சலராக இதை நான் அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது. நியூஜெர்சியில் பள்ளிப்படிப்பை முடிக்கக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். அதில் 5 வேற்றுமொழிக்கு, அதாவது ஒரு வருடப் பாடம். வகுப்பில் உட்காராமல், மொழித்திறனை நிரூபித்தும் இதை நிறைவு செய்யலாம். கேட்கப்படுவது ‘நோவிஸ் ஹை’ என்ற நிலை, தொடக்க நிலையின் மேல்படி. அது ஸ்பானிஷாகவோ பிரெஞ்சாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. தமிழுக்கும் ஆக்ட்ஃபில் (ACTFL) என்ற அமெரிக்க மொழிக்கல்வி அமைப்பின் வாய்மொழித் தேர்வு இருக்கிறது, அவான்ட் (Avant) என்ற மொழித்தேர்வு நிறுவனத்தின் எழுத்து, பேச்சுத் தேர்வும் இருக்கிறது. எந்தத் தேர்வை ஏற்பார்கள் என்பதை மட்டும் உங்கள் பள்ளியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும். டெக்சாஸில் ஒரே மொழியில் 2 கிரெடிட், அதாவது 2 வருடப் பாடம் வேண்டும். வாஷிங்டனில் தேர்வு எழுதியே 4 கிரெடிட் வரை பெறலாம். அப்புறம், பள்ளி முடிக்கத் தேவையானது வேறு, கல்லூரி கேட்பது வேறு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு 2 வருட மொழிப்பாடமோ அதற்கு இணையான தேர்ச்சியோ வேண்டும், 3 வருடம் இருந்தால் நல்லது என்கிறார்கள்.

இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு இடத்தில். பாட்டியோடு போனில் அரைமணி நேரம் மூச்சுவிடாமல் பேசும் ஒரு மாணவியை எனக்குத் தெரியும். தேர்வுப் பயிற்சிக்காக “உன் வீட்டைப் பற்றித் தமிழில் எழுது” என்றதும் கீபோர்டைப் பார்த்தபடியே இருந்தாள். பத்து நிமிடத்தில் வந்தது இரண்டே வரி: “என் விடு பெரிசு. மூணு பெட்ரூம் இருக்கு.” ‘வீடு’ என்பதற்கு நெடில் எங்கே என்று தேடித் தேடி அலுத்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்ல முடியுமா? எழுதிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். தினமும் பாட்டிக்குத் தமிழிலேயே டைப் செய்து நாலு வரி அனுப்பச் சொன்னேன். ‘ஏனென்றால்’, ‘அதனால்’, ‘ஆனால்’ போட்டு வாக்கியங்களைக் கோத்து எழுதச் சொன்னேன். தனித்தனி வாக்கியங்களாக நின்றுவிட்டால் தேர்வில் மேல்நிலை கிடைக்காது. பேசும்போது பாதிக்குப் பாதி ஆங்கிலம் கலந்தாலும் அப்படித்தான். இருமொழித் திறனுக்கான முத்திரையும் (‘சீல் ஆஃப் பைலிட்டரசி’ என்ற அங்கீகாரம்) வேண்டுமென்றால் நியூஜெர்சியில் ‘இன்டர்மீடியட் மிட்’ வரை, அதாவது இடைநிலையின் நடுப்படி வரை ஏற வேண்டும். அதற்கு இந்தப் பழக்கம் கட்டாயம் தேவை.

ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே கவுன்சலரிடம் பேசுங்கள். ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள் பழைய மதிப்பெண் பட்டியல்களைச் சேர்க்கை நாளிலேயே கொடுத்து, தமிழ்ப் பாடத்துக்குக் கிரெடிட் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதிலை ஈமெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு எழுதினால், முடிவு ட்ரான்ஸ்கிரிப்டில் (பள்ளியின் மதிப்பெண் பதிவில்) ஏறிவிட்டதா என்று நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள்.