இலுமினேஷன்: ஒளித் திருவிழா அன்று, மின் அலங்காரம்

ஜப்பானின் குளிர்காலத்தைப் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகளிலும் காணொளிகளின் துணைத்தலைப்புகளிலும் 'ஒளித் திருவிழா' என்ற தொடர் வேரூன்றிவிட்டது. சப்போரோ நகரின் ஒடோரி பூங்காவில் நவம்பர் பிற்பகுதியில் ஏற்றப்படும் விளக்குகளும் ஒளித் திருவிழா. அருகிலுள்ள ஒட்டாரு துறைமுகநகரின் கால்வாயில் பிப்ரவரியில் மிதக்கும் மெழுகுவர்த்திகளும் ஒளித் திருவிழா. கோபே நகரில் நிலநடுக்கத்தில் மாண்டவர்களின் நினைவாக எழுப்பப்படும் விளக்குத் தோரணங்களும் ஒளித் திருவிழா. ஜப்பானியர் மூன்று பெயர்களால் பிரித்துச் சொல்வதைத் தமிழில் ஒரே தொடரால் மூடிவிடுவதை மொழிபெயர்ப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தகைய விளக்கலங்காரத்துக்கு ஜப்பானியர் வழங்கும் மூலச்சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒளி என்று பொருள்படும் 'லூமென்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்து ஆங்கிலத்தில் வழங்கும் 'இலுமினேஷன்', ஜப்பானியரின் நாவில் 'இருமினேஷோன்' ஆயிற்று. மின்சாரம் வருவதற்கு முன்பே ஐரோப்பிய நகரங்களில் போர் வெற்றி, முடிசூட்டு போன்ற நாள்களில் வீடுகளின் முகப்பில் வரிசையாக விளக்கேற்றுவதற்கு இச்சொல் வழங்கியது. மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) மின்விளக்கோடு சேர்ந்து ஜப்பானுக்குள் நுழைந்து, 1903இல் ஒசாகாவில் நடந்த ஐந்தாவது தேசியத் தொழிற்கண்காட்சியின் மின்விளக்கு அலங்காரத்தால் மக்களிடையே பரவியது. இதற்கு அவர்களிடம் 'தென்ஷோக்கு' என்ற சொல்லும் உண்டு: 'தென்' மின்சாரம், 'ஷோக்கு' அலங்காரம்.

'ஒளித் திருவிழா' ஏன் தவறு? திருவிழா என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் ஒரு தெய்வம், ஓர் ஊர், ஒரு திருநாள், கொடியேற்றம், வீதியுலா எல்லாம் எழுகின்றன. ஜப்பானியரிடமும் அதற்கு நிகரான சொல் உண்டு, அது 'மட்சுரி'. சிற்றாலயத்தைத் தோளில் சுமந்து செல்லும், ஜப்பானியரின் மரபுச் சமயமான ஷின்டோவின் ஆலய விழாக்கள் மட்சுரி. சமயத் தொடர்பில்லாத சில பொது விழாக்களும் அப்பெயரைப் பெற்றிருக்கின்றன. 1950இல் பள்ளி மாணவர்கள் ஆறு பனிச்சிலைகள் செய்துவைத்ததில் தொடங்கிய சப்போரோ பனி விழாவின் பெயரே 'யுகி மட்சுரி'. ஆனால், அதே ஒடோரி பூங்காவில் 1981ஆம் ஆண்டு டிசம்பரில் 1,048 விளக்குகளோடு தொடங்கி, பிற நகரங்களுக்கு முன்னோடியாக விளங்கும் விளக்கலங்காரத்துக்கு அந்நகரத்தார் மட்சுரி என்று பெயரிடவில்லை. 'ஒயிட் இலுமினேஷன்' என்றார்கள். ஒரே பூங்காவில், ஒரே குளிர்காலத்தில் நடக்கும் இரண்டுக்கும் அவர்கள் இரு பெயர் வைத்திருக்க, நாம் இரண்டையும் திருவிழா என்றால், பிப்ரவரியில் நடக்கும் பனி விழாவைக் காண விரும்பும் பயணி டிசம்பரில் போய் இறங்கிப் பனிச்சிலைகளைத் தேடுவார்.

இது வெறும் சொல்லாய்வாளரின் பிடிவாதம் அன்று. திருவிழா என்றால் பகலிலும் ஏதோ நடக்கும் என்று வாசகர் எண்ணுவது இயல்பு. அலங்காரத்துக்குப் பகல் கிடையாது; மாலையில் விளக்கேற்றிய பிறகே அதைக் காண முடியும், நண்பகலில் போனால் மரக்கிளைகளில் சுற்றிய கம்பிகளைத்தான் பார்க்கலாம். திருவிழா ஒரு குறிப்பிட்ட நாளோடு நிறைவடையும்; சப்போரோவிலோ ஒடோரி பூங்காவின் விளக்குகள் கிறிஸ்துமஸ் நாளோடு அணைந்தாலும், ரயில் நிலையத்துக்கு எதிரே நீளும் சாலையில் அவை பிப்ரவரியிலும் எரிகின்றன. இதை அறியாமல் 'திருவிழா டிசம்பர் 25இல் நிறைவடைகிறது' என்று எழுதியதைப் படித்து, ஜனவரியில் போகிறவர் அச்சாலையை எட்டிப் பார்க்காமலே திரும்பக்கூடும். பூங்காவில் 2002 முதல் நடந்துவரும் மியூனிக் கிறிஸ்துமஸ் சந்தையையும் இந்தத் 'திருவிழா'வின் ஒரு பகுதியாகச் சேர்த்துவிடுகிறார்கள். அது ஜெர்மனியின் மியூனிக்கோடு உள்ள நட்புநகர உறவால் வந்த தனிச் சந்தை. அதைச் சந்தை என்றே சொல்லலாம்.

கோபேயைச் சொல்லும்போது இத்தவறு மனத்தைப் புண்படுத்துகிறது. 1995ஆம் ஆண்டு ஜனவரி 17 அதிகாலையில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில், மாண்டோருக்கு அஞ்சலியாகவும் எஞ்சியோருக்கு ஆறுதலாகவும், இத்தாலியிலிருந்து வந்த விளக்கு வளைவுகளோடு தொடங்கியதே 'லுமினாரியே'. நீண்ட காலம் டிசம்பரில் நடந்துவந்த அது 2024 முதல் ஜனவரிக்கு மாறியிருக்கிறது. அதைத் திருவிழா என்று எழுதுகிறவர்கள் அந்த ஊரின் துயரத்தை ஒரு வரிகூடப் படிக்கவில்லை என்பதே பொருள். அதன் பெயரை அப்படியே வைத்து 'நினைவு விளக்குகள்' என்று விளக்கம் தந்தால் போதும்.

திருவிழாவைத் தவிர்க்க விரும்பிய சிலர் 'ஒளியூட்டல்' என்கிறார்கள். இது நல்ல தமிழ்ச்சொல்தான். ஆனால் வேறொரு பொருளுக்கு உரியது. இருண்டு கிடக்கும் ஒன்றின்மீது ஒளியைப் பாய்ச்சி அதைத் தெரியச் செய்வதே ஒளியூட்டல். கியோத்தோவின் கியோமிசு கோயிலையும் இலையுதிர்கால மேப்பிள் மரங்களையும் கீழிருந்து விளக்கடித்துக் காட்டுவதை ஜப்பானியர் 'ரைட்டோ அப்பு' என்பார்கள்; ஒளியூட்டல் அதற்கு அழகாகப் பொருந்தும். அங்கே கண் கோயிலைப் பார்க்கிறது. சென்டாய் நகரின் ஜோசென்ஜி சாலையில் 1986 முதல் செல்கோவா மரங்களில் சரம்சரமாகக் கட்டி எரிக்கும் விளக்குகளில் கண் விளக்கையே பார்க்கிறது. மரம் அதைத் தாங்கும் கொம்பு. இந்த வேறுபாட்டைக் காக்காத சொல் எத்தனை தூய்மையானதாயினும் பயன்படாது.

நம் கோயில் விழா அழைப்பிதழ்களும் நாளிதழ்களும் பல ஆண்டுகளாகவே 'மின்னொளி அலங்காரம்' என்றும் 'மின் அலங்காரம்' என்றும் எழுதி வருகின்றன. தென்ஷோக்கு என்பதற்கு இதைவிட நேரான தமிழ் வேண்டுமா? கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு, ஆங்கில விளம்பரத்தின் தொடரைப் பெயர்த்து ஒளித் திருவிழா என்று எழுதும் பழக்கத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. ஜப்பானியப் பெயரை ஒருமுறை பார்த்திருந்தால் இப்பிழை நேர்ந்திராது. சேர்த்து 'மின்னலங்காரம்' என்று எழுதினால் மின்னலும் அங்காரமும் சேர்ந்தது போலத் தோன்றும் என்பதால் பிரித்தே எழுத வேண்டும்.

அலங்காரம் வடசொல் என்று தள்ளுவோர் 'மின்னணி' என்று ஆக்கிப் பார்த்திருக்கிறார்கள். அது கண்ணுக்கு மின்னணுவாகத் தெரிகிறது. அவசரமாகப் படிப்பவர் ஏதோ மின்னணுக் கருவி என்றே எண்ணுவார். தனித்தமிழ் வேண்டுமென்றால் 'விளக்கணி' என்னலாம். அணி என்பதற்கு நகை என்ற பொருளும் வரிசை என்ற பொருளும் உண்டு. வரிசையாக எரிந்து அழகு செய்யும் சிறு விளக்குகளுக்கு இரண்டும் பொருந்தும். எனினும் பொது வாசகருக்கு எழுதும்போது மின் அலங்காரத்தையே நான் தேர்வேன். அதிலுள்ள 'மின்' வீணான சொல்லன்று. ஒட்டாரு கால்வாயில் பிப்ரவரியில் கண்ணாடி மிதவைகளுக்குள் எரிவது மெழுகுவர்த்தி. 1999இல் தொடங்கிய அந்நிகழ்வின் பெயர் 'யுகி அகாரி நோ மிச்சி', அதாவது பனியொளிப் பாதை. அதை மின் அலங்காரம் என்று எவரும் தவறியும் எழுத முடியாது.