காந்தம்: சொல்லும் பொருளும்

இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகிய உலோகங்களைத் தன்பால் இழுப்பதும், தடையின்றிச் சுழலும்படி தொங்கவிட்டால் வடக்கு தெற்காக வந்து நிற்பதும் எந்தப் பொருளோ, அதுவே காந்தம். கடைவீதியில் இதை ‘மேக்னட்’ என்று கேட்டு வாங்குகிறோம். அந்த ஆங்கிலச் சொல் கிரேக்கர்களின் மக்னீசியா என்னும் ஊர்ப்பெயரிலிருந்து பிறந்தது. இழுக்கும் கற்கள் அப்பகுதியில் கிடைத்தமையால் ஊரின் பெயரே கல்லுக்கு ஆகிவந்தது. இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த அந்தக் கனிமத்தின் பெயர் மேக்னடைட். தமிழ்நாட்டில் சேலத்தை அடுத்த கஞ்சமலையின் இரும்புத் தாதுவும் இவ்வகையைச் சேர்ந்ததே.

தமிழில் நாம் வழங்கும் ‘காந்தம்’ வேறு வழியில் வந்தது. வடமொழியில் அயஸ் என்றால் இரும்பு, காந்தம் என்றால் விரும்பப்படுவது. இரும்பு விரும்பி நாடும் கல்லை ‘அயஸ்காந்தம்’ என்றனர். தமிழ் அதன் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரம் ‘காந்தம் கண்ட பசாசம்’ என்கிறது. பசாசம் என்பது இரும்புக்கு வழங்கிய பழைய பெயர். பேயைக் குறிக்கும் பிசாசோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. மெய்கண்ட சாத்திரம் ஓதும் வழக்கமுள்ள செட்டிநாட்டு வீடுகளில் இத்தொடரைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்றும் இருப்பார்கள்.

காரம் மிகுந்தால் ‘வயிறு காந்துகிறது’ என்கிறோமே, அடிப்பிடித்த சோற்றைக் ‘காந்தல்’ என்கிறோமே, அந்தக் ‘காந்து’ என்னும் வினையிலிருந்து காந்தம் வந்திருக்கலாகாதா என்று மாணவர் கேட்கக்கூடும். அந்த வினைக்கு எரிதல், கருகுதல் என்பதே பொருள். இரும்பை இழுக்கும் செயலுக்கும் எரிதலுக்கும் இடையே பொருத்தம் காட்டுவது கடினம். ஆகவே இரண்டும் வெவ்வேறு சொற்கள் என்று கொள்வதே சரியாகத் தோன்றுகிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் தமிழில் புழங்கிவிட்ட காந்தத்துக்கு மாற்றாக இன்னொரு சொல்லைப் புதிதாகப் புனைவதும் தேவையற்ற வேலை.

ஆங்கிலத்தில் ‘மேக்னடிசம்’ என்னும் ஒரே சொல் பண்பையும் குறிக்கும், அதைப் பற்றிய படிப்பையும் குறிக்கும். தமிழில் பண்பு காந்தத்தன்மை, படிப்பு காந்தவியல். இழுக்கவும் தள்ளவும் செய்யும் வலிமை காந்தவிசை. அவ்விசை உணரப்படும் சுற்றுவெளி காந்தப்புலம். தேர்வில் இவற்றுள் ஒன்றை எழுத வேண்டிய இடத்தில் மற்றொன்றை எழுதுவோர் பலர். வடமுனை என்பதையும் ‘வடக்கை நோக்கும் முனை’ என்று விரித்தே புரிந்துகொள்ள வேண்டும். ஒத்த முனைகள் விலக்கும், எதிர் முனைகள் ஈர்க்கும் என்பதால், காந்த ஊசியின் வடமுனையை இழுக்கும் புவியின் வடபகுதியில் உள்ளது, காந்தக் கணக்கில், ஒரு தென்முனையாகும். புவியே ஒரு பெரிய காந்தம் என்பதை வில்லியம் கில்பர்ட் 1600இல் நிறுவினார்.

காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு, புவியின் காந்த நடுக்கோடு. அது இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அக்கோட்டின் மேலுள்ள வானை ஆராய வசதி என்பதால்தான் கேரளத்துத் தும்பாவில் 1963இல் ஏவூர்தித் தளம் அமைந்தது. அக்கோட்டுக்கு அருகே இருப்பதால் காரைக்குடியில் காந்த ஊசி ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கும். அதே ஊசியை நடுவில் தாங்கி மேலும் கீழும் ஆடும்படி விட்டால், லண்டனில் அது தலைகுப்புறச் சாய்ந்து நிலத்தைக் காட்டும். தையல் ஊசியைக் காந்தத்தால் ஒரே திசையில் பலமுறை தேய்த்து, ஒரு சிறு தக்கைத் துண்டின்மேல் கிடத்தி, தண்ணீர் நிறைந்த பீங்கான் கிண்ணத்தில் மிதக்கவிட்டால் திசைகாட்டியைப் பள்ளி மேசையிலேயே செய்துவிடலாம்.

அன்றாடப் பயனைக் காணக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் நல்ல இடம். விவரம் தெரிந்தவர்கள் பித்தளைச் சாமான் வாங்கும்போது சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் வைத்திருப்பார்கள். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது, ஆதலால் காந்தம் அதில் ஒட்டாது. ஒட்டினால் மேலே முலாம், உள்ளே இரும்பு என்று தெளியலாம். பக்கத்தில் அடுக்கியிருக்கும் எனாமல் தூக்குகளில் காந்தம் பூச்சைத் தாண்டியும் பிடித்துக்கொள்ளும், ஏனெனில் அவற்றின் உடல் இரும்புத் தகடு. ஆனால் இச்சோதனைக்கு எல்லை உண்டு. ஒட்டாதது வெறும் இரும்பு அன்று என்று சொல்லலாமே தவிர, பித்தளைதான் என்று உறுதி கூற இயலாது. அலுமினியத்திலும் காந்தம் ஒட்டுவதில்லை.

எவர்சில்வர் இதைவிடச் சுவையானது. நல்ல எவர்சில்வரில் பெரும்பகுதி இரும்பு. அதனோடு சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் சேரும். இரும்பையும் நிக்கலையும் தனித்தனியே காந்தம் இழுக்கும். இந்தக் கலவையிலோ அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை மாறிவிடுவதால் இழுப்பு ஏறத்தாழ இல்லாமல் போகிறது. மடித்து அடித்த விளிம்பில் காந்தத்தை வைத்துப் பார்த்தால் லேசாகப் பற்றுவதும் உண்டு. வளைத்து அடிக்கும்போது அவ்விடத்தில் அடுக்கு மீண்டும் ஓரளவு மாறுவதே காரணம்.

திருமணத்தில் சீர்வரிசையாகப் பரப்பி வைத்த எவர்சில்வர் பாத்திரங்களுள் பல இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாமல் போவதும் இதனாலேயே. அவ்வடுப்பினுள் உள்ள கம்பிச் சுருள் வேகமாக மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்கி, பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. காந்தம் பற்றும் உலோகத்தில்தான் அது போதிய வெப்பமாக மாறும். பாத்திரத்தின் அடியில் காந்தத்தை வைத்துப் பார்த்து, அது இறுகப் பிடித்தால் வாங்கலாம்.